நீரிழிவும் தலைவிதியும்

(வெம்பக்கோட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் சாமியைப் பற்றியும் சாஸ்திரத்தைப் பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருக்கும் தோழர்கள் பலர் இருக்கலாம். ஆனால் நான் சோற்றைப் பற்றியும், நீரிழிவு என்றும் சர்க்கரை வியாதி என்றும் ‘சுகர்’ என்றும் நாம் சொல்லி வருகிற வியாதியைப் பற்றியுமே பேச உத்தேசித்திருக்கிறேன். இது வைத்தியர் பேச வேண்டிய விஷயமாயிற்றே, பிரசாரகனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்களானால், அது நியாயமான கேள்விதான். நான் வைத்தியனல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையில் கிடைத்ததைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் நாலு விஷயம் தெரிந்து கொண்டவன். ஒன்பது வருஷமாக எனக்கும் இந்த வியாதி உண்டு. யாருக்கு என்ன மருந்து, எத்தனை மாத்திரை என்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. அது வைத்தியரின் வேலை. ஆனால் வைத்தியர் எழுதிக் கொடுத்ததைச் சாப்பிட விடாமலும், அவர் சொன்னபடி நடக்க விடாமலும் நம்மைத் தடுக்கிற சங்கதிகள் இருக்கின்றனவே, அவை ஆஸ்பத்திரியில் இல்லை. நம் வீட்டில் இருக்கின்றன. நம் மூளையில் இருக்கின்றன. தலைவிதி என்பது ஒன்று, தெய்வக் குற்றம் என்பது ஒன்று, நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்பது ஒன்று. இவைகளைப் பற்றிப் பேசுவது நம்முடைய வேலைதான்.

எத்தனை பேர்?

முதலில் கணக்கைப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் 1,13,000 பேருக்குமேல் சோதித்துப் பார்த்து, அதன் முடிவை 2023ல் வெளியிட்டார்கள். அதன்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு இந்த வியாதி இருக்கிறது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் வியாதியின் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்ட 100 பேரில் 14 பேருக்குமேல் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் 200 பேர் இருப்பீர்கள். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால் 28 பேர் ஆகிறது. அந்த 28 பேரில் தனக்கு இருப்பதே தெரியாதவர்களும் இருப்பார்கள்.

முன்பெல்லாம் இதைப் பணக்காரன் வியாதி என்பார்கள். மெத்தையில் சாய்ந்து நெய்ச் சோறு தின்பவனுக்கு வருவது என்பார்கள். இன்று பட்டாசு ஆலைக்கு வண்டி ஏறிப் போகிறவனுக்கும் வருகிறது, தீப்பெட்டி ஒட்டுகிற அம்மாளுக்கும் வருகிறது. பணக்காரன் பணத்தைத்தான் நமக்குப் பங்கு கொடுக்கவில்லை. வியாதியையாவது பங்கு கொடுத்திருக்கிறான்!

வியாதி என்பது என்ன?

நாம் சாப்பிடுகிற சோறு, இட்டிலி, கூழ், பழம் எல்லாம் வயிற்றிலே கரைந்து, பெரும்பகுதி சர்க்கரையாகி ரத்தத்தில் சேருகிறது. அது சதைக்குள்ளே போனால்தான் நமக்குப் பலம். அதை உள்ளே சேர்ப்பது, வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற கணையம் என்ற உறுப்பில் சுரக்கும் இன்சுலின் என்ற ரசம். விருதுநகர்ச் சந்தையை நினைத்துக் கொள்ளுங்கள். லாரியிலே மூட்டை வந்து இறங்குகிறது. தூக்கிக் கொண்டுபோய்க் கடையிலே சேர்க்கச் சுமைகூலிக்காரர் இல்லை. மூட்டை தெருவிலே குவிந்து வழியை அடைக்கிறது. கடையிலோ சரக்கு இல்லை. இதுதான் நீரிழிவு. ரத்தத்தில் சர்க்கரை குவிந்து கிடக்கிறது. சரீரமோ பட்டினி கிடக்கிறது. அதனால்தான் நன்றாகச் சாப்பிட்டும் சோர்வு வருகிறது, தாகம் எடுக்கிறது, அடிக்கடி நீர் இறங்குகிறது. பல பேருக்கு இந்த அடையாளம் ஒன்றும் இல்லாமலேயும் வருஷக் கணக்கில் இருந்து, கண்ணையும் மூத்திரக் காயையும் கால் நரம்பையும் கெடுத்துவிடுகிறது.

இதில் முக்கியமாக இரண்டு வகை. சுமைகூலிக்காரர் அடியோடு இல்லாமற் போவது ஒரு வகை. இது பெரும்பாலும் சிறு வயதிலே வருவது. இவர்களுக்கு இன்சுலின் ஊசி என்பது மருந்து மாத்திரமல்ல. மூச்சுக் காற்று மாதிரி. ஆள் இருந்தும் போதாமல், அல்லது இருக்கிற ஆளைக் கடைக்காரன் உள்ளே விடாமல் இருப்பது இன்னொரு வகை. நம்மில் பெரும்பாலோருக்கு வந்திருப்பது இதுதான். தாய் தகப்பன் வழிச் சொத்தாகவும் வருகிறது, வயிற்றில் சேருகிற கொழுப்பாலும், உட்கார்ந்தே செய்கிற வேலையாலும் வருகிறது.

சாபமா, பாபமா?

“போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தேனோ!” இது நம் ஜனங்கள் சொல்லுகிற வார்த்தை. இது எங்கிருந்து வந்தது? மனுதர்மத்தின் 11வது அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். பொன் திருடியவனுக்கு நகம் சொத்தையாகும், கள் குடித்தவனுக்குப் பல் கறுக்கும், சோறு திருடியவனுக்கு அஜீரணம் வரும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. சோறு திருடியவன் ஏன் திருடினான்? பசித்தது, திருடினான். பசிக்க வைத்தவனுக்கு என்ன வியாதி என்று அந்தப் பட்டியலில் காணோம்! நான் கேட்கிறேன், வியாதி என்பது பாவத்தின் சம்பளமானால் மருந்துக்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? 10 ரூபாய் மாத்திரையிலே கழிந்து போகிற பாவம் என்ன பாவம்?

அதற்காக நம் நாட்டுப் பழைய வைத்தியர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. சரகர், சுஸ்ருதர் பெயரால் வழங்கும் நூல்களில், மூத்திரம் தேன் போல் இனிப்பதும், அதை எறும்பு மொய்ப்பதும், உடல் உழைப்பில்லாமல் மிகுதியாகத் தின்பவருக்கு இது வருவதும் எழுதப்பட்டிருக்கிறது. கண்ணால் பார்த்ததை எழுதினார்கள், அது அறிவு. பார்த்ததை விட்டுவிட்டு, பார்க்காத முன்ஜென்மத்தைக் காரணமாக்கினது மூடத்தனம்.

பார்த்து, சோதித்து, காரணம் தேடியவர்களால்தான் இன்று நாம் உயிரோடிருக்கிறோம். 1776ல் மாத்யூ டாப்சன் என்ற இங்கிலீஷ் வைத்தியர் நோயாளியின் மூத்திரத்தைக் காய்ச்சி வற்றவைத்து, அதில் மிஞ்சுவது சர்க்கரைதான் என்று காட்டினார். 1889ல் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்தார்கள். நாய்க்கு நீரிழிவு வந்துவிட்டது. குற்றவாளி எங்கே இருக்கிறான் என்று தெரிந்து போயிற்று. 1921ல் கனடா தேசத்தில் டொரன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர், மக்லியாட் என்பவருடைய ஆராய்ச்சிசாலையிலே, கணையத்திலிருந்து இன்சுலினை எடுத்தார்கள். காலிப் என்பவர் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்தார். அதற்கு முன் இந்த வியாதி கண்ட குழந்தைக்கு வைத்தியர்கள் கொடுத்தது என்ன தெரியுமா? பட்டினி! பட்டினி போட்டால் சில மாதமோ ஒன்றிரண்டு வருஷமோ அதிகமாக இருக்கும், அவ்வளவுதான். 1922 ஜனவரி 11ந்தேதி எலும்பும் தோலுமாய்க் கிடந்த 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சரியாய்ப் பலிக்கவில்லை. உடனே தெய்வ சித்தம் என்று கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்தார்களா? மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி, 12 நாள் கழித்து மறுபடியும் போட்டார்கள். பையன் எழுந்தான். அதற்குப் பிறகு 13 வருஷம் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அந்த உரிமையை என்ன விலைக்கு விற்றார்கள்? டொரன்டோ சர்வகலாசாலைக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். இதுவல்லவா தோழர்களே, புண்ணியம் என்று சொல்லத் தகுந்த காரியம்?

தாயத்தும் லேகியமும்

நிற்க, மருந்து வந்து நூறு வருஷமாகியும் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? மாத்திரையை நிறுத்திவிட்டு, 48 நாளில் சர்க்கரையை வேரோடு அறுக்கிறேன் என்கிற லேகியத்தை வாங்குகிறார்கள். முன்பு சந்தையில் கடை விரித்தவன் இன்று கைப்பேசிக்குள்ளே கடை விரித்திருக்கிறான். அவனிடம் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். “ஐயா, உம்முடைய மருந்து சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்கே? எத்தனை பேருக்குக் கொடுத்தீர்? குணமாகாதவர் எத்தனை பேர்?” இதைக் கேட்டால் அவன் கோபித்துக் கொள்ளுவான். வைத்தியரிடம் கேட்டால் காகிதத்தை எடுத்துக் காட்டுவார். வித்தியாசம் இவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். 1954ல் இந்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. மருந்துகள், மாய வைத்தியங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் என்பது அதன் பெயர். இன்னின்ன வியாதிகளைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் நீரிழிவும் ஒன்று. மாய வைத்தியம் என்றால் என்ன என்று அந்தச் சட்டமே சொல்லுகிறது: தாயத்து, மந்திரம், கவசம் என்று! முதல் தடவை மீறினவனுக்கு 6 மாதம் வரை சிறை. சட்டம் புத்தகத்தில் தூங்குகிறது. லேகியக்காரன் மேடையில் பேசுகிறான்.

இது நம் நாட்டு மூடத்தனம் மாத்திரம் என்று நினைத்து விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் டூவும்பா என்ற நகரத்தில் 8 வயதுப் பெண் குழந்தை ஒன்று. இன்சுலின் இல்லாமல் இருக்க முடியாத வகை வியாதி. தாய் தகப்பனும் அவர்கள் சேர்ந்த ஒரு சிறு மதக் கூட்டமும், கடவுளே குணமாக்குவார் என்று சொல்லி ஊசியை நிறுத்தினார்கள். சுற்றி நின்று ஜெபம் செய்தார்கள், பாட்டுப் பாடினார்கள். 2022 ஜனவரியில் சில நாட்களுக்குள் குழந்தை செத்துப் போயிற்று. 2025 ஜனவரியில் அந்நாட்டு நீதிமன்றம் தகப்பன், தாய் உட்பட 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொல்லிற்று. அவர்கள் குழந்தையை வெறுத்தவர்களல்ல; நேசித்தவர்கள்தான். அறிவில்லாத நேசம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? அதனால்தான் சொல்லுகிறேன்: ஊசி போடுகிற குழந்தைக்கு ஊசியை நிறுத்து என்று எவன் சொன்னாலும், காவி கட்டியிருந்தாலும் அங்கி போட்டிருந்தாலும், அவனை வாசற்படி ஏற விடாதீர்கள்.

சோறு குற்றவாளியா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த வியாதி வந்ததும் நம் ஆட்கள் இரண்டு விதமாய் மாறிவிடுகிறார்கள். ஒருவன் சோற்றைக் கண்டால் பேயைக் கண்டது போல் பயப்படுகிறான். இரண்டு கோதுமை ரொட்டியைத் தின்றுவிட்டு, ராத்திரியெல்லாம் பசியோடு புரண்டு, பத்தாம் நாள் தாங்க மாட்டாமல் அடுப்படியிலே நின்று கொண்டு அரைச் சட்டிச் சோற்றைத் தின்கிறான். தின்றபின் ‘கெட்டது கெட்டாச்சு’ என்று பாயசத்தையும் குடிக்கிறான். மற்றொருவன் ‘வருகிறது வரட்டும், விதிப்படி நடக்கட்டும்’ என்று முதல் நாளிலேயே பாயசத்தில் இறங்கி விடுகிறான். ஒருவனுக்குச் சோறு பாவம். மற்றொருவனுக்குச் சோறு விதி. இரண்டு பேரும் செய்யாதது ஒன்றுதான்: சோற்றைச் சோறாகப் பார்க்கவில்லை.

சோறு பாவமுமல்ல, புண்ணியமுமல்ல. அது ஒரு பொருள். அதற்கு அளவு உண்டு, வேளை உண்டு, விளைவு உண்டு. எவ்வளவு தின்றால் எவ்வளவு ஏறுகிறது என்று விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்துக் கொள்ளலாம். இவ்வளவு வெளிப்படையாக வரவு செலவு காட்டுகிற வியாதி வேறு எது? கடைக்காரன் கணக்கைப் பார்த்துப் பயப்படுவானா, கணக்கு எழுதுவானா?

இந்தக் கரிசல் காட்டிலே நம் பாட்டன் தின்றது கம்பும் சோளமும் குதிரைவாலியும். நெல்லுச் சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அதனால் நெல்லுச் சோறு தின்கிறவன் பெரிய மனிதன், கூழ் குடிக்கிறவன் கீழ்மகன் என்று சோற்றிலும் மேல் கீழ் உண்டாக்கி வைத்தார்கள். 2008ல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் இலவசமாகவும் ரேஷன் அரிசி கிடைத்து, எல்லா வீட்டிலும் நெல்லுச் சோறு வந்தது. அது பட்டினியை விரட்டிற்று. அதைக் குறை சொல்லுகிறவன் பட்டினி இன்னதென்று அறியாதவன். ஆனால் ஒன்று மாறிற்று, ஒன்று மாறவில்லை. பாட்டன் கமலை இறைத்தான், ஏர் பிடித்தான், பத்து மைல் நடந்தான். நாம் காலை முதல் சாயந்திரம் வரை தரையில் உட்கார்ந்து திரி வைக்கிறோம், மருந்து செலுத்துகிறோம், பெட்டி அடைக்கிறோம். வேலை மாறிவிட்டது, தட்டிலே சோற்றின் கோபுரம் மாத்திரம் மாறவில்லை. அன்று தட்டு நிறையக் கிடைக்காதா என்று ஏங்கினோம். இன்று கிடைத்ததும் குவித்துக் கொண்டோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கணக்கை மாற்றிக் கொள்ள வேண்டியதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு மூடநம்பிக்கை கிளம்பியிருக்கிறது. சிறுதானியம் தின்றால் சர்க்கரை ஏறவே ஏறாது, கருப்பட்டி போட்டுக் குடித்தால் ஒன்றும் செய்யாது, தேன் மருந்து என்கிறார்கள். கம்பிலும் வரகிலும் நாரும் சத்தும் தீட்டின அரிசியைவிட அதிகந்தான். ஆனால் அதுவும் மாவுப் பொருள்தானே? கேழ்வரகை மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி இரண்டு செம்பு குடித்தால் சர்க்கரை மளமளவென்று ஏறும். கருப்பட்டியும் வெல்லமும் தேனும் நிறம் மாறின சீனிதான். கறுப்பாய் இருப்பதால் சர்க்கரைக்குச் சாது குணம் வந்துவிடாது. சாமியை விட்டுவிட்டுச் சிறுதானியத்துக்குக் கும்பிடு போடுவதற்கா நாம் பகுத்தறிவு பேசுகிறோம்?

சரி, என்னதான் செய்வது? தட்டை மனத்திலே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி காய்கறி, கீரை: முருங்கைக் கீரை, வெண்டை, கத்தரி, அவரை, புடலை, சுரை, எது மலிவோ அது. மற்றப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். அதில் ஒன்றிலே பருப்பு, பயறு, முட்டை, மீன். நம் ஊர்க் காணப்பயறும் பாசிப்பயறும் மொச்சையும் போதும். மீதிக் காலிலே சோறோ, கம்போ, இட்டிலியோ. காயையும் பயற்றையும் முதலில் தின்று, சோற்றைக் கடைசியில் தின்றால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சாப்பிட்டதும் சாயாமல் தெருவிலே கொஞ்ச தூரம் நடந்தால் இன்னும் நல்லது. டீக்கடையில் ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிற தோழர் சீனி இல்லாமல் குடித்தால், ஒரு காசு செலவில்லாமல் பாதி வைத்தியம் ஆயிற்று.

இது எவ்வளவு பலிக்கும் என்று கேட்கலாம். சென்னை டாக்டர் ராமச்சந்திரனும் அவரைச் சேர்ந்தவர்களும், வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து மூன்று வருஷம் பார்த்து, 2006ல் வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்தவர்களில் 100க்கு 55 பேர் நோயாளியானார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக் கொண்டவர்களில் 100க்கு 39 பேர்தான். எல்லாரும் தப்பிக்கவில்லை. ஆனால் 100க்கு 16 பேர் தப்பியது எந்தக் கோவிலின் கணக்கிலும் இல்லாத அற்புதம். பிரிட்டனில் 2017ல் வெளியான இன்னொரு சோதனையில், வியாதி வந்து அதிக நாள் ஆகாத, உடல் பருத்தவர்களுக்கு வைத்தியர் மேற்பார்வையில் கடுமையாக எடையைக் குறைக்கச் செய்தார்கள். ஒரு வருஷத்தில் 100க்கு 46 பேர் மருந்தில்லாமலே சர்க்கரை அளவோடு இருந்தார்கள். அப்படித் தணிந்தவர்களும் வருஷா வருஷம் சோதித்துக் கொண்டே இருக்க வேண்டும். எடையை மறுபடி ஏற்றினால் வியாதியும் மறுபடி வரும். லேகியக்காரன் சொல்லுகிற குணம் வேறு, இது வேறு.

சாத்தூர்ச் சேவும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் வாழ்நாளில் தொடக் கூடாதா என்று முகத்தைத் தொங்கப் போடாதீர்கள். நாக்கும் நம் சரீரத்தில் ஓர் உறுப்புத்தானே! நல்ல நாளில், எல்லாரோடும் உட்கார்ந்து, ஒரு சிறு துண்டை வாயில் வைத்து ருசித்துத் தின்றுவிட்டு, அந்த வேளைச் சோற்றில் ஒரு பிடி குறைத்துக் கொள்ளுங்கள். ஒளிந்து தின்பதுதான் கேடு. ஒளிந்து தின்பவன் அளவு பார்ப்பதில்லை, ருசியும் பார்ப்பதில்லை. அவனை ஒளியச் செய்வது யார்? வீட்டார்தான். சீனி டப்பாவைப் பூட்டி வைத்து, பெற்ற தகப்பனைக் களவாணி போல் காவல் காக்கிறோம். அதே தகப்பனைக் கல்யாண வீட்டில் ‘ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது’ என்று கையைப் பிடித்து இழுத்து லட்டை வாயில் திணிக்கிறோம். இரண்டும் அவமரியாதை. ‘எனக்குப் போதும்’ என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்கப் பழகுவதும் சுயமரியாதைதான் தோழர்களே.

விரதமும் பூக்குழியும்

மாத்திரையை விழுங்கிவிட்டு விரதம் என்று பட்டினி கிடக்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். சில மாத்திரைகளும் இன்சுலினும், சோறு உள்ளே போகும் என்று நம்பிக் கொடுக்கப்படுகிறவை. சோறு போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும், பேச்சுக் குழறும். இதைப் பார்த்து ‘அருள் வந்திருக்கிறது’ என்று விபூதி பூசுகிற ஊர் இது! வேண்டியது விபூதியல்ல, மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது. 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுப்பது, பிறகு ஏதாவது சாப்பிடச் சொல்வது. நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது. பார்த்தீர்களா, விரோதி என்று சொன்ன அதே சீனி, வேளை வந்தால் உயிரைக் காக்கிறது. காலையில் சாப்பிடாமல் ஆலை வண்டி ஏறுகிற தோழர்கள் இதை நன்றாய் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். மருந்து போட்டால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பையில் கொஞ்சம் சீனி வைத்துக் கொள்ளுங்கள்.

பூக்குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பங்குனி வந்தால் இந்த வட்டாரத்தில் தீ மிதிக்கிறார்கள். “எனக்குச் சுடவே இல்லை, அம்மன் அருள்” என்று சொல்லுகிற சர்க்கரை நோயாளியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வருகிறது. அவருக்குச் சுடாதது ஏன்? வருஷக் கணக்கில் சர்க்கரை மிகுந்து பாத நரம்பு மரத்துப் போயிருக்கலாம். நெருப்பு சுட்டது உண்மை. அதைச் சொல்ல வேண்டிய நரம்பு செத்துக் கிடக்கிறது. கொப்புளம் புண்ணாகி, புண் அழுகி, விரலை எடுத்து, பிறகு காலையே எடுக்கும்படி ஆகிறது. காலில் உணர்ச்சி குறைந்தால் அது அருளல்ல, ஆபத்து. ராத்திரி படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் புரட்டிப் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பேரப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கோவில் கல்தரையானாலும் கரிசல் காடானாலும் வெயிலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

பெண்ணுக்கு வந்தால்?

வீட்டில் ஆணுக்குச் சர்க்கரை வந்தால் தனிச் சமையல், தனிக் காய்கறி, வேளைக்கு மருந்து. பெண்ணுக்கு வந்தால்? எல்லாருக்கும் போட்டு முடித்து, சட்டியின் அடியில் மிஞ்சின சோற்றையும் ரசத்தையும் அவள் தின்கிறாள். காய் தீர்ந்து போயிருக்கும். அவளும் ஆலைக்குப் போகிறாள், சம்பாதிக்கிறாள்; தட்டிலே மாத்திரம் மிச்சம். பெண் விடுதலை என்று மேடையில் பேசுகிற நாம், எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து, எல்லார் தட்டிலும் காய் விழுகிறதா என்று பார்த்தால், அதுவே வைத்தியம், அதுவே சமத்துவம்.

கர்ப்பமான பெண்கள் எல்லாருக்கும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும் என்று 2007லேயே தமிழ்நாடு சர்க்கார் ஏற்பாடு செய்தது. அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் அது காவல்.

ஊசி போடுகிற பெண் குழந்தை இருந்தால் அதை ஒளித்து வைக்கிறார்கள். கல்யாணம் ஆகாதாம்! ஒளித்துக் கட்டிக் கொடுத்து, போன இடத்தில் பயந்து ஊசியை நிறுத்தி, அந்தப் பெண் செத்தால் அதற்கு யார் ஜவாப்தாரி? ஈவா சாக்ஸல் என்று ஒரு பெண்மணி. ஐரோப்பாவிலிருந்து அகதியாய்ச் சீனாவிலுள்ள ஷாங்காய் நகரத்துக்குப் போனவர். அங்கே இந்த வியாதி வந்தது. 1941ல் ஜப்பானியர் நகரத்தைப் பிடித்ததும் இன்சுலின் கிடைக்கவில்லை. அவரும் அவர் கணவரும் தலைவிதி என்று அழுது கொண்டிராமல், வைத்தியப் புத்தகத்தைப் படித்து, எருமையின் கணையத்தை வாங்கி, தாங்களே இன்சுலின் தயார் செய்தார்கள். முயலுக்குப் போட்டுச் சோதித்த பிறகு தமக்குப் போட்டுக் கொண்டார். அந்த மருந்தால் அந்நகரத்திலே நூற்றுக்கணக்கான நோயாளிகள் யுத்தம் முடியும் வரை உயிர் பிழைத்தார்கள். அவர் 2002 வரை வாழ்ந்தார். புத்தகமும் எருமையும் இருந்தால் ஒரு பெண் ஊரையே காப்பாற்றலாம் என்றால், ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கொண்டு நாம் ஏன் நம் பெண்ணை ஒளிக்க வேண்டும்?

முடிவுரை

தோழர்களே! நம் நாட்டிலேயே 1948ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பகுதி ஏற்படுத்தினார். அன்று அதற்காக ஜனங்கள் பட்டணம் போக வேண்டியிருந்தது. விருதுநகரிலேயே 2022ல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2021 ஆகஸ்டு 5ந்தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து கொடுக்க ஏற்பாடாயிற்று. மருந்து வாசலுக்கு வந்துவிட்டது. அறிவைத்தான் நாம் உள்ளே அழைக்க வேண்டும்.

ஆகையால் உங்களைக் கேட்டுக் கொள்ளுவது இதுதான். 30 வயது கடந்தவர்கள் இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பாருங்கள். வெறும் வயிற்றில் 126ம் அதற்கு மேலும் வந்தால் வியாதி. 100க்கும் 126க்கும் நடுவில் வந்தால் வாசற்படி. வைத்தியர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடச் சொன்னால் கடைசிக் காலம் வந்துவிட்டது என்று கலங்காதீர்கள். சுமைகூலிக்கு ஆள் சேர்க்கிறார் என்று நினைத்துக் கொள்ளுங்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின் புட்டியை வெயில் படாமல், ஈர மணலுக்குள் வைத்த மண் பானையிலே பத்திரப்படுத்துங்கள்.

எதையும் ஏன், எப்படி என்று கேள் என்பது நம் இயக்கத்தின் பாடம். கோவில் வாசலில் கேட்கிற அந்தக் கேள்வியைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் கேளுங்கள். எதைத் தின்கிறேன், எவ்வளவு தின்கிறேன், என்ன ஆகிறது? இந்த மூன்றையும் கேட்கிறவனுக்குச் சோற்றிலே பயமில்லை, வியாதியிலே வெட்கமில்லை, தலையிலே எழுத்துமில்லை.